நாய்க்கு மூன்று அத்தியாயம்

பேக்கரி முதலாளி சந்தனம் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு மரக்கறி வெட்டும் கத்தியால் மெதுவாகக் கீறினார். மீனுக்குச் செதில் எடுக்கும்போது காட்டுகிற கவனம். உள்ளே ஒரு புத்தகம். கெட்டி அட்டை. அட்டையில் தேயிலை மலை, மலைமேல் வெள்ளைப் பங்களா, பங்களாவுக்கு முன்னால் ஒரு நாய்.

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில், அவருடைய மாடி விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். போன வருடத்து மழைக்காலம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். கீழே அவருடைய பேக்கரியிலிருந்து பாண் வேகும் வாசனை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார்.

“வாசிங்க கிளாக்கரய்யா. நான் எங்க இருக்கேன்னு மொதல்ல பாருங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் எங்கே இருக்கிறேன் என்று முதலில் பார்த்தேன்.

எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் எரிச்சல். பார்சல் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தது, அவர் பெயருக்கு மட்டும். என் வீடு அதே ஒழுங்கையின் கடைசி வீடுதான். தபால்காரர் இன்னும் நாற்பது அடி நடந்திருந்தால் போதும். ஆனால் நடப்பதற்கு அவர் கையில் எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று வாசல்

இந்தப் பத்திரிகைத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு சொல். நான் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தோட்டத்துக்கு இங்கிலீஷ் பெயர் ஸ்கொட்லாந்தில் ஏதோ ஓர் ஊரின் பெயர். சனங்களுக்கு அது பூனைமலை. தோட்டத்தை நடத்திய கடைசி வெள்ளைக்காரப் பெரியதுரையின் காலத்தில் நான் இருபத்திரண்டு வயது சின்னக் கிளாக்கர். சந்தனம் அந்தப் பங்களாவின் அப்பு. அப்பு என்றால் சமையல், மேசை, வீடு எல்லாம் அவர் கையில்.

பங்களாவுக்கு மூன்று வாசல். முன்வாசல் வெள்ளைக்காரருக்கு. பக்கத்தில் ஒரு சின்ன வாசல், காகிதங்களைக் கையெழுத்துக்குக் கொண்டு போகும் எங்களுக்கு. பின்வாசல் சந்தனத்துக்கு. பக்கவாசலால் போகும்போது நான் பின்வாசல் பக்கம் ஒரு பார்வை பார்ப்பேன். அதில் ஒரு சுகம்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை என்று மேடையில் பேசுவது சுலபம். வெள்ளைக்காரன் வைத்தது மூன்று வாசல்தான். மிச்சம் முப்பதை வைத்தது நாங்கள். பெரிய கிளாக்கர் வீட்டுக் கதிரைக்குக் கை உண்டு, எனக்குத் தந்த கதிரைக்குக் கை இல்லை. சொந்தக் காசில் கை வைத்த கதிரை ஒன்று நான் வாங்கியதைக் கேள்விப்பட்டு அவர் மூன்று மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர் வீட்டுக் கலியாணத்தில் யாருக்குக் கோப்பை, யாருக்குக் கிளாஸ் என்று தீர்மானிக்க ஓர் இரவு முழுக்கக் கூட்டம் போட்டிருக்கிறோம்.

சந்தனம் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அப்போது நான் அவரை “நீ” என்பேன், அவசரத்தில் “டா” என்றும் சொல்வேன். “நீங்க” என்று மாற எனக்கு இருபது வருடம் பிடித்தது. கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் பின்னறையில் அவர் தேத்தண்ணீர் விற்றபோது “நீ”தான். பேக்கரி போட்டபோது பெயரை விழுங்கி ஏதோ சமாளித்தேன். அவருடைய மகன் டொக்டர் படிப்புக்குத் தெரிவான செய்தி வந்த அன்று என் வாயில் “நீங்க” தானாக வந்தது. ஆனைக்கொரு காலம் பூனைக்கொரு காலம் என்று என் மனைவி பாக்கியம் அன்று சொன்னாள். யார் ஆனை என்று நான் கேட்கவில்லை.

குடை

புத்தகத்தை எழுதியவர் அந்தப் பெரியதுரையின் பேத்தி. ஹெலன் அம்மா என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் வருவதற்கு இரண்டு வருடத்துக்கு முன் அவர் கண்டிக்கு வந்து, தாத்தாவை அறிந்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தோட்டத்தில் விசாரித்திருக்கிறார். இரண்டு கிழவர்கள் கெலிஓயாவில் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள்.

வாவிக்கரையில் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கு எங்களை அழைத்தார். நானும் சந்தனமும் ஒரே ஓட்டோவில் போனோம். அவர் கோட்டு போட்டிருந்தார். நான் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தேன். இறங்கும்போது நல்ல மழை. ஹெலன் அம்மா வாசலைத் தாண்டி எங்களை வரவேற்கப் படியில் இறங்கி வந்தார்.

அவரைக் கண்டதும் நான் என் குடையை மடக்கிவிட்டேன்.

தோட்டத்தில் துரைமார் எதிரே வந்தால் குடையை மடக்கி ஓரமாக நிற்க வேண்டும். மழையாவது, இடியாவது. நான் யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஐம்பது வருடத்துக்குப் பிறகு, பென்சன் எடுத்த மனிதன், கழுத்துப்பட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். பக்கத்தில் சந்தனத்தின் கையும் சும்மா இருக்கவில்லை. அவர் தன் குடையை அந்த அம்மாவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஓர் அடி பின்னால், தான் நனைந்தபடி நடந்தார். பங்களாவில் அவருடைய வேலை அது.

ஆக, நனைந்தது இருவரும்தான். ஆனால் நன்றி வாங்கியது அவர் ஒருவர்.

உள்ளே தேநீர் வந்தது. பரிமாற வந்த இளைஞர் தட்டை வலப்பக்கத்தால் நீட்டினார். சந்தனம் பொறுத்துப் பார்த்தார். அவருடைய வலது முழங்கால் மேசைக்குக் கீழே ஆடத் தொடங்கியது. கடைசியில் எழுந்துவிட்டார்.

“தம்பி, குடுக்கிறது இடது கைப் பக்கம். எடுக்கிறதுதான் வலது பக்கம். இங்க தாங்க.” தட்டை வாங்கி அந்த அம்மாவுக்குப் பரிமாறியே காட்டினார். எண்பதை நெருங்கும் கை, ஒரு சொட்டுத் தேநீர் சிந்தவில்லை.

ஹெலன் அம்மா குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் இரண்டாம் நம்பர் மலைக்கு உரம் ஏற்றிய விதத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு அவர் பேனாவைத் தொடவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரருக்கும் சாதி

சந்தனத்துக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பேசுவார், ஆனால் அவருடைய இங்கிலீஷ் சாப்பாட்டு மேசையோடு முடிந்துவிடும். மகன் மெல்பேர்னில். அப்பா தட்டு தூக்கிய கதையைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல அவருக்கு மனமில்லை. மனைவி போய் ஆறு வருடம். மிஞ்சியது நான். சனிக்கிழமை தோறும் நான் வாய்க்குள் இங்கிலீஷில் வாசித்து, பிறகு தமிழில் சொல்ல வேண்டும். கூலி இரண்டு மாலுபாணும் ஒரு துண்டு பட்டர் கேக்கும். அந்த மாலுபாணை, மீன் அடைத்த அந்தப் பணிசை, கெலிஓயாவில் வேறு யாரும் அந்த மாதிரிச் செய்வதில்லை.

நாவலின் கதை இதுதான். இங்கிலாந்தில் கடற்கரையோரம் ஒரு முதியோர் இல்லம். அங்கே பெரியதுரை இருக்கிறார். ஒருநாள் புதிதாக ஒரு கிழவரைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பார்த்தால் அது சின்னத்துரை! பூனைமலையில் அவருக்குக் கீழே வேலை செய்தவர். யன்னலுக்குப் பக்கத்தில் கடல் தெரியும் கதிரை ஒன்றுதான் இருக்கிறது. அதில் யார் உட்காருவது என்று முந்நூறு பக்கம் சண்டை. இருவருக்கும் ஒரே தாதிதான் கஞ்சி ஊட்டுகிறாள். அப்போதும் பெரியதுரை முதல் கரண்டி தனக்கு என்கிறார்.

சண்டைக்குக் காரணம் என்னவென்றால், பெரியதுரை பிரபு குடும்பம். சின்னத்துரை இறைச்சிக்கடைக்காரரின் மகன். வாயைத் திறந்து பேசினாலே எந்த வீட்டுப் பிள்ளை என்று அந்த நாட்டில் கண்டுபிடித்துவிடுவார்களாம். பூனைமலையில் பத்து வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பெரியதுரை அவரை ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதில்லை. எனக்கு எழுபத்தைந்து வயதில்தான் இது தெரிய வந்தது. எங்களுக்கு இரண்டு பேரும் துரை, இரண்டு பேர் பேசியதும் தஸ்புஸ்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் சந்தனம்.

“எப்படி?”

“பட்டாணி. பெரியதுர முள்ளுக்கரண்டியோட முதுகுல ஏத்தித் தின்னுவாரு. சின்னத்துர கரண்டிய நிமித்திப் புடிச்சு அள்ளுவாரு. நான் பட்டாணி வச்சா துரைசாணி மொகம் போற போக்கப் பாக்கணுமே. சின்னத்துர வாற அன்னிக்கு வேணும்னே பட்டாணி போடுவேன்.”

இதை நான் வீட்டில் சொன்னபோது, பட்டாணியைக் கையால் அள்ளித் தின்றால் என்ன கேடு என்று பாக்கியம் கேட்டாள். சாம்ராச்சியமே அந்தக் கேள்வியில்தான் விழுந்திருக்க வேண்டும்.

பூனைமலைக் கதை நடுவில் வருகிறது. பங்களாவில் ஒரு நாய் இருந்தது. பெயர் மேஜர். சின்னத்துரை யுத்தத்தில் வெறும் கப்டன் என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று புத்தகம் சொல்கிறது. அந்த நாய்க்கு மூன்று அத்தியாயம். அது பிறந்தது ஒன்று, பாம்பைக் கொன்றது ஒன்று, செத்தது ஒன்று. செத்த அத்தியாயத்தில் எனக்கே கண் கலங்கியது.

“மேஜருக்கு மூணா?” என்றார் சந்தனம். “எனக்கு?”

“ஒன்னு.”

“பரவாயில்ல. அதுக்குச் சோறு போட்டவன் நான்தானே.” பிறகு, “ஒங்களுக்கு?” என்றார்.

எனக்கு ஒரு வரி. ‘எண்ணெய் வைத்துத் தலை வாரிய மெலிந்த கிளாக்கர் ஒருவன் வாசலருகே நின்றுகொண்டிருந்தான்.’ அவ்வளவுதான். எங்கே நின்றான், எதற்கு நின்றான், உட்காரச் சொன்னார்களா, ஒன்றும் இல்லை. போதாததற்கு, ஹோட்டலில் நான் குடை மடக்கியதையும் எழுதியிருந்தார். அந்த மலைநாட்டு மக்கள் மழையை ஆசீர்வாதமாக எண்ணி, விருந்தினரைக் காணும்போது குடையை மடக்கி அந்த மழையைத் தலையில் ஏந்துகிறார்களாம்.

நான் தமிழில் சொன்னது வேறு. தோட்டத்தின் முழுப் பாரத்தையும் ஓர் இளம் கிளாக்கர் தோளில் தாங்கினார் என்றேன். அவரைக் கேட்காமல் துரை ஒரு தீர்மானமும் எடுத்ததில்லை என்றேன். மேஜர் கொன்ற பாம்பை முதலில் கண்டவரும் அவரே என்றேன். நிறுத்த முடியவில்லை.

சந்தனம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “இம்புட்டும் அந்த ஒரே வரியிலயா இருக்கு? இங்கிலீஷ் சுருக்கமான பாஷதான்” என்றார்.

சாம்

ஐந்தாவது சனிக்கிழமை வந்த பக்கத்தில்தான் என் சிரிப்பு நின்றது.

முதியோர் இல்லத்தில் பெரியதுரை ஒரு தகரப் பெட்டியைத் திறக்கிறார். அதில் ஒரு கடிதத்தின் கார்பன் பிரதி. இலங்கையை விட்டுப் புறப்படுமுன் தன்னுடைய வேலையாள் சாமுக்கு எழுதிய நற்சான்றுக் கடிதம். பங்களாவில் சந்தனத்தை ‘சாம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடிதம் முழுதாக அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே கிழவர் சொல்கிறார்: ‘அவனுக்கு இதைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வரி நன்றி எழுதவில்லை. அந்த ஆட்களே அப்படித்தான்.’

அந்தக் கடிதத்தை நான் அறிவேன். அதைத் தட்டச்சு செய்தவன் நான்.

தோட்டங்களில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. துரை ஊருக்குப் போகும்போது தன்னிடம் வேலை செய்தவர்களுக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுப்பார். பங்களா வேலைக்காரருக்கு அந்தக் காகிதம்தான் சோறு. அது இல்லாமல் இன்னொரு பங்களாவின் கேற்றுக்குள் கால் வைக்க முடியாது. கொழும்பிலிருந்து அடிக்கடி வரும் ஒரு கம்பனித் துரைசாணி, கடிதத்தோடு வந்தால் தன் வீட்டில் வேலை தருவதாகச் சந்தனத்துக்குச் சொல்லியிருந்தார்.

பெரியதுரை எனக்கும் கடிதம் தந்தார். நேர்மையானவன், நேரத்துக்கு வருபவன், கையெழுத்து நன்று. மூன்றே வரி. சந்தனத்துக்கு ஒரு பக்கம். தட்டச்சு செய்துகொண்டு போகப் போக என் வயிறு எரிந்தது. பக்கவாசல்காரனுக்கு மூன்று வரி, பின்வாசல்காரனுக்கு ஒரு பக்கமா? துரை கையெழுத்து வைத்து, “சாமிடம் கொடுத்துவிடு” என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்குக் கொடுப்போம் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை துரையின் கார் போய்விட்டது. ஒரு கிழமை கழிந்ததும் ஏன் பிந்தியது என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம். மாத முடிவில் அதை என் குவாட்டர்ஸ் அடுப்பில் போட்டேன்.

சந்தனம் கொழும்புக்கு வெறுங்கையோடு போய், கேற்றிலிருந்தே திரும்பி வந்தார். ஒரு வருடம் மலையில் கூலியாளாகத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே நான் கூலிக் கணக்கு எழுதும் செக்ரோலில் அவருக்குப் பெயர் போட்டேன்.

இதெல்லாம் ஒரே மூச்சில் நினைவுக்கு வர, புத்தகத்தை மூடினேன்.

“என்னா நிப்பாட்டிட்டீங்க?” என்றார் சந்தனம். “வாய்க்குள்ள ‘சாம்’ ‘சாம்’னு மூணு தரம் சொன்னீங்க. தமிழ்ல ஒரு தரமும் வரல்லியே?”

“கண்ணு கூசுது. அடுத்த சனி பாப்போம்.”

அன்று மாலுபாணை நான் தொடவில்லை. அதையும் அவர் கவனித்தார்.

பாக்கியத்தின் தீர்ப்பு

வீட்டில் பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடமும் சொல்லாததை அன்று சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைக்கவில்லை.

“அந்த மனுசன் குடுத்த மாலுபாண நாப்பது வருசமாத் தின்னுருக்கீங்க.”

“தெரியும்.”

“ரெண்டு பேருல யாரு மொதல்ல போவீங்கன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப அடுத்த சனிக்கெழம வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போங்க.”

ஆனால் நான் சனிக்கிழமை வரைக்கும் இழுத்தேன். அந்த ஆறு நாளும் என்னென்னவோ யோசித்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா, கடிதத்தை மேஜரின் பெயரில் மாற்றிச் சொல்லலாமா என்றுகூட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. எனக்குப் பயமாக இருந்தது. ஒழுங்கையில் என்னோடு உட்கார்ந்து சண்டை பிடிக்க மிச்சமிருந்த ஒரே மனிதர் அவர். அவரையும் இழந்துவிட்டால் சனிக்கிழமைகளை என்ன செய்வேன்?

தக்காளி சூப்

சனிக்கிழமை கடிதத்தை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் சந்தனம் கையை உயர்த்தினார்.

“சூப்பப் பத்தித் துர எழுதியிருக்காரா?”

“ஆமாங்க.”

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

மூன்று தரம் சொன்னேன். பிறகு அவர் பேசினார். துரை புறப்படுமுன் நடந்த கடைசி விருந்தில், அந்தக் கொழும்புத் துரைசாணியின் வெள்ளைக் கவுனில் அவர் சூப்பைக் கொட்டிவிட்டார். அது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. ‘சூப்புச் சந்தனம்’ என்று தொழிலாளர் லயத்திலும் எங்கள் குவாட்டர்ஸிலும் வருடக்கணக்காகச் சிரித்தார்கள். கடிதம் வராததற்கும் வேலை போனதற்கும் அந்தச் சூப்தான் காரணம் என்று அவர் இத்தனை காலமும் நம்பியிருக்கிறார்.

“கடையில எல்லாம் செஞ்சேன் கிளாக்கரய்யா. கேக்கு செஞ்சேன், பெற்றிஸ் செஞ்சேன். சூப்பு மட்டும் செய்யல்ல. பொஞ்சாதி ஆசுபத்திரியில கெடந்தப்ப டொக்டர் சூப்பு குடுக்கச் சொன்னாரு. அப்பவும் கடையிலதான் வாங்கிட்டுப் போனேன்.”

சூப்புச் சந்தனம் என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். கடிதத்தைத் தட்டச்சு செய்தவன், அந்தச் சூப் எப்படிச் சிந்தியது என்று பூனைமலையில் தெரிந்திருந்த ஒரே ஆள், அதை வைத்துக்கொண்டு சிரித்தேன். என்னைப் பற்றி நான் எழுதியதிலேயே இதை எழுதத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

“இந்தக் காயிதம் எங்க போச்சு? தபால்ல தொலைஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“தபால்ல போடல்லீங்க. எங்கிட்டதான் குடுத்தாரு.”

சொல்லி முடித்தேன். அடுப்பு வரைக்கும் சொன்னேன். கீழே யாரோ பாண் தட்டை இழுக்கும் சத்தம். அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். “அந்த வேல கெடச்சிருந்தா இந்தப் பேக்கரி, இந்த மாடி வீடு...”

“வீடு நான் கட்டுனது. காயிதம் எனக்கு வந்தது. ரெண்டையும் ஒன்னாக் கட்டாதீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “துர என்னய நன்றி கெட்டவன்னு நெனச்சுக்கிட்டே செத்துப் போயிட்டாரு. எந்திரிச்சுப் போடா.”

எழுந்து போனேன்.

தண்டனை

இரண்டு சனிக்கிழமை வெறுமையாகக் கழிந்தது. பாணை வேறு கடையில் வாங்கினோம். அது தெர்மகோலைத் தின்பது போல இருந்தது. பாக்கியம் எனக்கு மட்டும் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை போன் வந்தது.

“இன்னும் நாப்பது பக்கம் கெடக்கு. வா.”

போனேன். தட்டில் மாலுபாண் இருந்தது, ஒன்று மட்டும். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்காத. வாசி” என்றார். அன்றிலிருந்து அவர் என்னை “நீ” என்கிறார், நான் அவரை “நீங்க” என்கிறேன். இப்போதுதான் இரண்டு பேரும் வயதுக்குத் தக்கபடி பேசுவதாகப் பாக்கியத்துக்குத் திருப்தி.

நாவலின் முடிவில் பெரியதுரை செத்துப்போகிறார். சின்னத்துரைக்கு யன்னல் கதிரை கிடைக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கிறார். கடல் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறார். சந்தனம் இதைக் கேட்டுவிட்டு, “கூறு கெட்ட மனுசன், இருந்துருக்கலாமே” என்றார்.

பிறகு எனக்குத் தண்டனை விதித்தார். ஒன்று, ஹெலன் அம்மாவுக்கு இங்கிலீஷில் நடந்ததை எழுத வேண்டும். “தோட்டத்தத் தோள்ல தூக்குன கதையெல்லாம் வேணாம்” என்று எச்சரித்தார். ஆக, அவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கிறது. கடிதத்தைப் பேராதனைத் தபாற் கந்தோரில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது தண்டனையைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். “பேப்பர்ல வாரா வாரம் ஒன்னப் பத்தியே எழுதுறியே, ஒரு வாரம் என் காயிதத்தப் போடு. தமிழ்ல போடு. சூப்புன்னு சிரிச்சவன்ல நாலு பேராவது இன்னும் உசிரோட இருப்பான். சாம்னு போடாத, என் பேரப் போடு” என்றார்.

எழுதியதை நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கோழி சூப் என்று நான் எழுதியிருந்தேன். “தக்காளி. வெள்ளக் கவுன்ல கோழி சூப்பு தெரியுமா?”

கடிதம் இது:

*இதைக் காண்பவர்களுக்கு,*

*சந்தனம் என்னிடம் ஒன்பது வருடம் வேலை செய்தார். சமையலும் மேசையும் வீடும் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றில் நான் குறை கண்டதில்லை. அவர் குடிப்பதில்லை. கேட்டதைப் பிற இடத்தில் பேசுவதில்லை.*

*என் மனைவி காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. அந்நாட்களில் அவருடைய குழந்தையும் நோயாக இருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். அவர் சொல்லவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.*

*நேற்றைய விருந்தில் சூப் சிந்தியது அவருடைய தவறல்ல. என் முழங்கை தட்டியது. விருந்தினர் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.*

*எந்த வீட்டிலும் அவரை நம்பி வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் மரியாதை தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். அது நானல்ல.*

இதற்குக் கீழே துரையின் கையெழுத்து. அதற்கும் கீழே, இடது மூலையில், தட்டச்சு செய்தவனின் முதலெழுத்துகள் இரண்டு. அவை என்னுடையவை.